வினா வேளையை நிறுத்தலாமா?

அவையை அமைதியோடும் என்னை அரைக்கண் ஐயத்தோடும் நோக்கியபடி நடுநாயகமாக வீற்றிருக்கும் பெற்றோர் சங்கத் தலைவர் அவர்களே! பள்ளியின் பாரத்தைத் தோளிலும் பெற்றோரின் புகாரைக் காதிலும் சுமந்துவரும் தலைமையாசிரியை அவர்களே! வேலை முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்து பசியோடு அமர்ந்திருக்கும் தந்தையரே! பிள்ளைகளின் பாடப் புத்தகத்தைப் பிள்ளைகளைவிட அதிகமாகப் புரட்டியிருக்கும் தாய்மார்களே! பேரப்பிள்ளைகளுக்காக வாதாட வந்திருக்கும் பெரியோர்களே! பின்வரிசையில் கைப்பேசி வெளிச்சத்தில் முகம் மின்ன அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே! ஆமாம், உங்களைத்தான் சொல்கிறேன், சற்றே நிமிர்ந்து பாருங்கள். அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

மேடைக்கு வரும் வழியில் தலைவர் என்னை ஓரமாக அழைத்துச் சொன்னார்: "மேடம், இன்னைக்குக் கூட்டம் கொஞ்சம் சூடா இருக்கு. ரெண்டு பக்கமும் சாயாம, நடுவுல நின்னு பேசிடுங்க." தலைவர் அவர்களே, நடுவில் பாருங்கள், ஒலிபெருக்கி நிற்கிறது. அங்கே எனக்கு இடமில்லை. நான் ஒரு பக்கம் சாய்ந்தவள்தான். எந்தப் பக்கம், ஏன் சாய்ந்தேன் என்பதைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுகிறேன். தீர்ப்பு உங்கள் கையில்.

இன்றைய கூட்டத்தின் பொருள் என்ன? இந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவுக்கு வியாழக்கிழமைதோறும் 'வினா வேளை' என்றொரு வகுப்பு நடக்கிறது. புத்தகம் கிடையாது, கரும்பலகையைப் பார்த்து எழுதுவது கிடையாது. வெளியில் காதில் விழுந்த ஏதாவது ஒரு பேச்சைப் பிள்ளைகள் கொண்டுவர வேண்டும். இது மெய்யா, பொய்யா, இதை எப்படிச் சோதிப்பது என்று அந்த ஒரு மணி நேரமும் அலச வேண்டும். அதை நடத்தும் அறிவியல் ஆசிரியை அதோ சுவரோரமாக நிற்கிறார். உட்காருங்கள் அம்மா, உங்களைக் கூண்டில் ஏற்றவில்லை! அந்த வகுப்பை நிறுத்திவிட்டு அதே நேரத்தில் தேர்வுப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் வந்திருக்கிறது. என் பேச்சு முடிந்ததும் நீங்கள் கையைத் தூக்கப்போகிறீர்கள்.

இதில் எனக்கென்ன வேலை? நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணிபுரிபவள். அறிவியல் கல்வியைப் பற்றி உலகெங்கும் வரும் ஆய்வுகளைத் திரட்டி, காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று பார்ப்பது என் தொழில். என் வீட்டுக்காரர் இதை வேறு மாதிரி சொல்வார்: "ஊர்ல எல்லாரும் ஆராய்ச்சி பண்றாங்க. இவ அவங்க என்ன பண்றாங்கன்னு ஆராய்ச்சி பண்றா." சிரிக்கிறீர்கள்! அவரும் இப்படித்தான் தானே சொல்லித் தானே சிரிப்பார்.

சரி, காற்று எந்தத் திசையில் அடிக்கிறது? ஒரு காலத்தில் அறிவியல் அறிவு என்றால் என்ன? தகவல்! தகவல்! தகவலன்றி வேறில்லை! தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? சொல்! தவளைக்கு இதயத்தில் எத்தனை அறை? சொல்! சொன்னவன் சமர்த்தன், சொல்லாதவன் சோம்பேறி. ஆய்வாளர்களும் அதைத்தான் அளந்தார்கள். பிறகு ஒரு கேள்வி எழுந்தது. இத்தனையும் மனப்பாடமாகச் சொன்ன பிள்ளை, வளர்ந்து பெரியவனாகி, 'இந்தக் காந்த வளையலைப் போட்டால் மூட்டுவலி பறந்துபோகும்' என்று எவனோ விற்றால் வாங்கிக்கொண்டு வருகிறானே, ஏன்? படித்த படிப்பு எங்கே போயிற்று? பட்டம் சுவரில் தொங்குகிறது, வளையல் கையில் தொங்குகிறது! ஆக, 'உனக்கு என்ன தெரியும்?' என்று கேட்டவர்கள், 'உனக்கு அது எப்படித் தெரியும்?' என்று கேட்கத் தொடங்கினார்கள். ஆதாரம் எது, அபிப்பிராயம் எது, அளந்தது எது, அளந்துவிட்டது எது என்று பிரித்துப் பார்க்கும் பக்குவம் வந்திருக்கிறதா என்று தேடத் தொடங்கினார்கள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி வேண்டாமா என்று நம்மவர்கள் என்றைக்கோ கேட்டுவிட்டார்கள். அந்த மதியை எப்படி வளர்ப்பது, எப்படி அளப்பது என்பதுதான் இன்று ஆய்வாளர்கள் பலருடைய கவலை.

அளப்பது என்றேனே, அங்கேதான் வந்தது வம்பு.

ஒரு கல்வி ஆய்வுக் குழு இந்தப் பள்ளிக்கு வந்து, ஒன்பதாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்கும் அறிவியல் விழிப்புணர்வுத் தேர்வு வைத்தது. வினா வேளை நடக்கும் 'அ' பிரிவு, நடக்காத 'ஆ' பிரிவு. முடிவு வந்தது. என்ன முடிவு? 'ஆ' பிரிவு முன்னே, 'அ' பிரிவு பின்னே! கேட்க வேண்டுமா? குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்ட கதையாயிற்று. "நான் அப்பவே சொன்னேனே" என்பவர்கள் எல்லாத் தெருவிலும் முளைத்தார்கள். தலைமையாசிரியை என்னைத் தொலைபேசியில் அழைத்து, "எனக்கு ஒண்ணும் புரியல மேடம். வகுப்புல போய் உட்கார்ந்து கேட்டா அசத்துறாங்க. பேப்பர்ல கவுந்துட்டாங்க. நீங்க வந்து பாருங்க" என்றார்.

வந்தேன். வேதியியல் ஆய்வகத்தில், சொட்டுச் சொட்டாய் ஒழுகும் குழாய்க்குப் பக்கத்தில், உயரமான முக்காலிகளில் பிள்ளைகளோடு அமர்ந்தேன். "கண்ணுங்களா, அதே கேள்விகளை மறுபடி போடுங்க. ஆனா இந்தத் தடவை வாயைத் திறந்து யோசிங்க" என்றேன். முதல் கேள்வி இதுதான்: ஒரு தோட்டக்காரர் தம் ரோஜாச் செடிக்குப் புது உரம் போட்டார். அடுத்த மாதம் செடி நன்றாகப் பூத்தது. பூத்ததற்கு உரம்தான் காரணமா? விடை: ஆம், இல்லை, இதை வைத்துச் சொல்ல முடியாது.

ஒரு பெண் எழுந்தாள். எழுந்த வேகத்தில் முக்காலி சாய்ந்தது. "மேடம், பக்கத்துல இன்னொரு செடிக்கு உரம் போடாம விட்டுப் பார்த்தாரா? அந்த மாசம் மழை பெஞ்சுதா? அது எதையும் சொல்லாம உரமான்னு கேட்டா, நான் எப்படிச் சொல்றது? அதான் மூணாவதுல டிக் போட்டேன்." சுற்றியிருந்த தலைகளெல்லாம் ஆடின. "நானும்", "நானும்" என்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐயா! எத்தனை ஆய்வாளர்கள் எத்தனை ஏடுகளில் ஏங்கி எழுதிய பதில் இது!

அந்த மகிழ்ச்சியோடு ஆய்வுக் குழுவில் கணினியில் மதிப்பெண் ஏற்றுபவரை அழைத்துக் கேட்டேன்: "தம்பி, மூணாவது கட்டத்துக்கு எத்தனை மார்க்?" அவர் அமைதியாகச் சொன்னார்: "அதுக்கு மார்க்கே கிடையாது மேடம். கடைசிக் கட்டம் பதில் சொல்லாம நழுவுறவங்களுக்கு. கம்ப்யூட்டர் அதை வெற்றிடமா எடுத்துக்கும்." எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! விசாரித்தால் விஷயம் இதுதான். அந்தக் குழு முன்பு பொதுமக்களிடம் வேறொரு கருத்துக்கணிப்பு நடத்தியது. அதில் கடைசிக் கட்டம் நழுவுகிறவர்களுக்கு. புதுத் தேர்வுக்குக் கேள்விகளை மாற்றினார்கள், விடைகளை மாற்றினார்கள், ஆனால் மதிப்பெண் போடும் விதியை மட்டும் பழையதையே விட்டுவிட்டார்கள். கோதுமை சலிக்க வாங்கிய சல்லடையில் ரவை சலித்தால் என்ன ஆகும்? ரவை கீழே கொட்டத்தான் செய்யும். யோசித்த பிள்ளைக்குப் பூச்சியம், யோசிக்காமல் 'ஆம்' என்று போட்ட பிள்ளைக்குப் பாராட்டு!

குழுவினர் நேர்மையானவர்கள். தவற்றை ஒப்புக்கொண்டு மீண்டும் திருத்தினார்கள். சிந்தனைக் கேள்விகளில் 'அ' பிரிவு தெளிவாக முன்னே வந்தது. கைதட்டாதீர்கள், பொறுங்கள்! மனப்பாடக் கேள்விகளில் அவர்கள் சற்றே பின்தங்கித்தான் இருந்தார்கள். அதையும் சொல்ல வேண்டும் அல்லவா? பாதியை மட்டும் சொல்லிக் கைதட்டல் வாங்கினால், நான் காந்த வளையல் விற்பவனுக்கு அக்கா ஆகிவிடுவேன்.

பின்னாலிருந்து யாரோ கேட்கிறீர்கள். சத்தமாகக் கேளுங்கள் ஐயா. "இதால பொதுத்தேர்வுல மார்க் ஏறுமா?" நல்ல கேள்வி, நியாயமான கேள்வி. ஏறும் என்று சில ஆய்வுகள், பெரிய வித்தியாசமில்லை என்று சில ஆய்வுகள். உங்கள் பிள்ளைக்கு ஏறுமா என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. வாக்குக் கொடுப்பவர் வந்தால் அவரிடம் நான் கேட்பதைப்போல நீங்களும் நாலு கேள்வி கேளுங்கள்.

திருத்திய முடிவு வந்ததும் தீர்மானம் தானாகவே விழுந்துவிடும் என்று நினைத்தேன். விழவில்லை. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர், அந்த முக்காலியைச் சாய்த்த பெண்ணின் அப்பா. கடைவீதி முனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். மனைவியோடு மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். இருவரிடமும் அனுமதி வாங்கித்தான் பேசுகிறேன். அம்மா சொன்னார்: "தாராளமா சொல்லுங்க. நான் விழுந்தது தெருவுக்கே தெரியும், இங்க மட்டும் என்ன ரகசியம்?"

அவருடைய கடைக்குப் போனேன். கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்று, மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் விளக்கெண்ணெய் குடித்ததுபோல் ஆனது. "வாங்க மேடம். மார்க் கதை கேள்விப்பட்டேன். ஆனா என் சண்டை மார்க்கோட இல்ல" என்றார்.

"பின்ன எதோட?"

"நீங்களே கேளுங்க. தேர்வு நேரத்துல ஞாபகசக்தி டானிக் நல்லாப் போகும். ஒருத்தர் வாங்க வந்தார். என் பொண்ணு கடையில உட்கார்ந்திருந்தா. 'அங்கிள், இதைக் குடிச்சு மார்க் வாங்கினவங்க போட்டோதான் பாட்டில்ல இருக்கு. குடிச்சும் வாங்காதவங்க போட்டோ எங்க?'ன்னு கேட்டுட்டா. மனுஷன் பாட்டிலை வச்சுட்டுப் போயிட்டார்."

நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரிக்கிறீர்கள். அவர் சிரிக்கவில்லை.

"அதுகூடப் போகட்டும். என் வியாபாரம், நான் பார்த்துக்கிறேன். அவங்கம்மாவுக்கு பிரஷர். தினமும் மாத்திரை. ஒரு நாள் இவ கேட்டிருக்கா, 'அம்மா, இது வேலை செய்யுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? ஆதாரம் இருக்கா?'ன்னு. அவளுக்குப் பதில் தெரியல. மாத்திரையை நிறுத்திட்டா. எங்கிட்டயும் சொல்லல. சில நாள்ல தலை சுத்திக் குளியலறையில விழுந்து, நெத்தியில தையல். ஆம்புலன்ஸ்ல போறப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் மேடம். கேள்வி கேக்கச் சொல்லிக் குடுத்தீங்களே, கேட்டுட்டு அப்புறம் என்ன பண்றதுன்னு யார் சொல்லிக் குடுத்தீங்க?"

பெரியோர்களே! தாய்மார்களே! மனந்திறந்து சொல்கிறேன். அவர் கேட்டது அற்பக் கேள்வி இல்லை. ஆய்வாளர்கள் சமீபகாலமாகத்தான் அழுத்தமாகக் கேட்கத் தொடங்கியிருக்கும் கேள்வி அது. ஐயப்படக் கற்றுக்கொடுத்தோம், சரி. எதை நம்பலாம், யாரை நம்பலாம், ஏன் நம்பலாம் என்று கற்றுக்கொடுத்தோமா? எல்லாவற்றையும் நம்புகிறவன் ஏமாளி என்றால், எதையும் நம்பாதவன் என்ன அறிவாளியா? அவனையும் ஒருவன் வந்து எளிதாக ஏமாற்றுவான். 'டாக்டர் சொல்வதை நம்பாதே, நான் சொல்வதை நம்பு' என்பான். அவ்வளவுதான், வேலை முடிந்தது.

"இப்ப பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அம்மா விழுந்ததிலேர்ந்து அழுதுக்கிட்டே இருந்தா. தன்னாலதான்னு நெனச்சுக்கிட்டா. கொஞ்ச நாள் எதையும் கேக்கறதையே விட்டுட்டா" என்றார். மகள் கேட்டது குற்றம் என்று கோபப்பட்ட அதே மனிதருக்கு, மகள் கேட்காமல் இருந்தது தாங்கவில்லை. பெற்ற மனம் அல்லவா?

அதற்குப் பிறகு நடந்ததையும் அவரே சொன்னார். விஷயம் தெரிந்து இந்த ஆசிரியை அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். "தப்பு உன்னோடது இல்லம்மா. நீ பாதி வழி போயிட்டு நின்னுட்ட. நான் பாதி வழிதான் காட்டினேன். ஆதாரம் இருக்கான்னு கேட்டா, அது எங்க இருக்குன்னு தேடிப் போகணும். உங்கப்பாவைக் கேளு. அவர் படிச்சதே அதுதானே?" என்றிருக்கிறார். அன்று மாலை கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, அப்பா சாப்பாட்டு மேசையில் மகளோடு உட்கார்ந்தார். ஒரு மருந்து கடைக்கு வருவதற்கு முன் எத்தனை பேரிடம் சோதிக்கப்படுகிறது, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு அதேபோன்ற வெறும் மாத்திரையும் எப்படிக் கொடுக்கிறார்கள், யாருக்கு எது போனது என்பது கொடுக்கிற மருத்துவருக்கே தெரியாமல் எப்படி மறைக்கிறார்கள் என்று எல்லாம் சொன்னார். மகள் கேட்டாளாம்: "அப்போ நீங்க சொல்றது ரோஜாச்செடி கதைதானேப்பா? ஒண்ணுக்கு உரம் போட்டு, ஒண்ணுக்குப் போடாம விடறது?" அவர் அசந்துபோய், "அதேதான்டா" என்றாராம்.

"அப்புறம் ஏன் சார் இன்னும் தீர்மானம்?" என்றேன்.

அவர் சொன்ன பதிலைக் கவனமாகக் கேளுங்கள். "எங்க வீட்டுல நான் இருந்தேன், பதில் சொன்னேன். மருந்துக்கடைக்காரன் இல்லாத வீட்டுல யார் மேடம் பதில் சொல்லுவாங்க? அந்த வீட்டு அம்மா விழுந்தா யார் பொறுப்பு?"

இதைக் கேட்டபிறகு நான் எப்படி அவரை எதிரி என்பேன்? தன் வீட்டுக்காக அல்ல, உங்கள் வீட்டுக்காகப் பயந்து தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். அவருடைய அச்சம் நியாயம், அக்கறை நியாயம். ஆனால், அவையோரே, முடிவு மட்டும் நியாயமில்லை! மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா? பாதி கட்டிய பாலத்தில் ஒருவர் தவறி விழுந்தால், பாலத்தை இடிப்பதா, மீதியைக் கட்டுவதா? கேட்கத் தெரிந்த பிள்ளையின் வாயை அடைப்பதா, கேட்டதற்குப் பதில் தேடும் வழியைக் காட்டுவதா? வினா வேளையை நிறுத்தினாலும் வினாக்கள் நிற்குமா? கைப்பேசியில் வந்து குவியும் பொய்கள் நிற்குமா? பொய் இருக்கும், கேள்வி இருக்கும், கேட்பதற்கு ஓர் இடம்தான் இருக்காது. நான் சாய்ந்திருக்கும் பக்கம் இதுதான்: நிறுத்தாதீர்கள், நிறைவாக்குங்கள்!

அடடா, மூன்றாவது வரிசையில் அம்மா எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் அம்மா. பின்னால் கேட்கவில்லையாம். பரவாயில்லை, அங்கிருந்தே பேசுங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான் ஒலிபெருக்கியில் அப்படியே திருப்பிச் சொல்கிறேன்.

அம்மா சொல்கிறார்: "எல்லாரும் என் பொண்ணு கேட்டதாலதான் நான் மாத்திரையை நிறுத்தினேன்னு பேசுறீங்க. அது இல்ல. அவ கேக்கறதுக்கு முன்னாடியே நான் பாதி நாள் போடறதில்ல. எதுக்குப் போடறேன்னே எனக்குத் தெரியாது. போடுன்னாங்க, போட்டேன். அவ கேட்டது எனக்கு ஒரு சாக்கு. இவர் வருஷக்கணக்கா அதே மாத்திரையை விக்கிறார். நான் கேட்டதில்ல, இவர் சொன்னதில்ல. அன்னைக்கு அவளுக்குச் சொன்னதை நான் அடுப்படியில நின்னு கேட்டேன். அதுக்கப்புறம் ஒரு நாளும் விட்டதில்ல. அவ கேக்கலேன்னா நான் என்னைக்காவது சத்தமில்லாம போயிருப்பேன்."

அமருங்கள் அம்மா. மகராசியாய் இருங்கள்.

அவையோரே, முழக்கமாக முடிப்பதற்கு நான் எதையோ எழுதிவந்தேன். இந்தத் தாய் பேசியபிறகு அது எதற்கு? அதை விட்டுவிடுகிறேன். இனி ஓட்டெடுப்பைத் தலைவர் நடத்தட்டும்.

என்ன சார், தலைவர் இன்னும் அழைக்கவே இல்லை, அதற்குள் கையைத் தூக்கிவிட்டீர்கள்? ஓட்டுக்கு இல்லையா? பேசவா? மருந்துக்கடை ஐயா பேச வேண்டுமாம். சற்று அமைதி, அமைதி.

ஐயா கேட்கிறார்: "பிள்ளைங்க எல்லாரோட வீட்டுலயும் ஏதோ ஒரு மருந்து இருக்கும். அந்த டப்பாவை எல்லாம் எடுத்துட்டு வரச் சொன்னா, ஒவ்வொண்ணும் எதுக்கு, எப்படிச் சோதிச்சாங்கன்னு நான் வந்து சொல்றேன். அந்த வகுப்புல எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்குமா?"

ஐயா! வகுப்பு இருந்தால்தானே நீங்கள் வர முடியும்? நிறுத்தச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தவரே நீங்கள்தானே!

சிரிப்பு அடங்கட்டும். சுவரோரமாக நிற்கும் ஆசிரியை ஏதோ சொல்கிறார். சத்தமாகச் சொல்லுங்கள் அம்மா. "வர்ற வியாழக்கிழமையே வாங்க சார்" என்கிறார்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுக்க முடியாமல் இடையில் கேட்டவர்களுக்கும், குறிப்பாக எழுந்து நின்று பேசிய அந்த அம்மாவுக்கும் என் உளமார்ந்த நன்றி. தலைவர் அவர்களே, ஒலிபெருக்கி உங்களுடையது. வணக்கம்.